உப்பு 2 கப்

அன்புள்ள தேவி,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, மாடிப்படி ஏறுகிறாள். சின்னவன் பத்தாவது போய்விட்டான். மற்ற வீட்டுக் கதையைப் போனில் பேசிக்கொள்ளலாம். பதில் எழுத விடாமல் என்னைப் பிடித்து வைத்திருந்தது ஒரு எண். அந்தக் கதையை உன்னிடம்தான் சொல்ல முடியும்.

இங்கே ஒரு பனியன் கம்பெனியின் ஆர்டர்களை எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருளில் போட்டு வைத்திருக்கிறோம். போன மாதம் மொத்தம் 1,200 ஆர்டர். கறுப்பு டி-சர்ட் எத்தனை ஆர்டரில் போயிருக்கிறது என்று முதலாளி கேட்டார். நான் கொடுத்த ரிப்போர்ட்டில் 1,530! மனிதர் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

உனக்கு எஸ்க்யூஎல் டேட்டாபேஸ் பழக்கம்: ஆர்டர் ஒரு டேபிள், சரக்கு இன்னொரு டேபிள். இங்கே ஆர்டர் ஒரே டாக்குமெண்ட், சரக்கெல்லாம் அதற்குள்ளேயே ஒரு பட்டியல். சும்மா விட்டால் அந்தப் பட்டியலைத் தட்டையாக்கிவிடும். நிறமெல்லாம் ஒரு குவியல், அளவெல்லாம் ஒரு குவியல். எது எதனோடு வந்தது என்பது போய்விடும். 2010இல் எலாஸ்டிக்சர்ச்சை வெளியிட்ட ஷாய் பானன், லண்டனில் சமையல் படித்த மனைவியின் குறிப்புகளைத் தேடித் தரத்தான் முதன்முதலில் தேடல் வேலையில் இறங்கினாராம். அந்தக் குறிப்பையே எடுத்துக்கொள். 'சர்க்கரை 2 கப், உப்பு 1 சிட்டிகை' என்று இருந்தால், 'உப்பு 2 கப்' என்று தேடினாலும் அதுவே வந்து நிற்கும்.

இதற்காகத்தான் நெஸ்டெட் வகை. ஒவ்வொரு சரக்கும் அடியில், லூசீன் என்ற தேடல் நூலகத்தில், தனி டாக்குமெண்ட் ஆகிவிடும். வெளியே தெரியாமல் தாயை, அதாவது ஆர்டரை, ஒட்டியே இருக்கும். 100 சரக்கு உள்ள ஆர்டர் உள்ளே 101 டாக்குமெண்ட். ஒன்றின் விலையைத் திருத்தினாலும் 101ஐயும் திரும்ப எழுத வேண்டும், அது வேறு தொல்லை. இதுவரை நான் சரியாகத்தான் செய்திருந்தேன்.

சறுக்கியது எண்ணிக்கையில். நெஸ்டெட் அக்ரிகேஷன், அதாவது உள்ளே இருப்பதைத் தொகுத்து எண்ணும் கட்டளை, போட்டதுமே தாயை விட்டுப் பிள்ளைகளான சரக்குகளிடம் இறங்கிவிடுகிறோம். அங்கே நிறவாரியாகப் பிரித்தால் ஒவ்வொரு நிறத்தின் பக்கெட்டிலும் (பிரித்த குவியலிலும்) வருவது பிள்ளைகளின் எண்ணிக்கை. ஒருவர் கறுப்பிலேயே எஸ், எம், எல், எக்ஸ்எல் வாங்கியிருந்தால் அது நாலு. ஆர்டரை எண்ண, அந்த நிறத்துக்குள் ரிவர்ஸ் நெஸ்டெட் ஒன்றைச் செருகித் தாயிடம் ஏறி வர வேண்டும். செருகினேன், 610 வந்தது. ஒரே ஒரு வரி, தேவி!

அப்புறம் இன்னொன்று. கறுப்பு என்று தேடிவிட்டு அளவுவாரியாக எண்ணினால் வெள்ளைச் சட்டைகளும் கணக்கில் வரும். தேடல் பொறுக்குவது ஆர்டரை. கறுப்பு ஒன்று இருந்தால் போதும், கூட இருப்பதும் சேர்ந்து வந்துவிடும். நெஸ்டெட்டுக்குள்ளேயே கறுப்புக்கு இன்னொரு ஃபில்டர் வைத்தால்தான் சரியாகும்.

இதெல்லாம் முடிந்து நிம்மதியாக இருந்தபோது முதலாளி அடுத்ததைக் கேட்டார்: நிறவாரியாகக் கூரியர் செலவு. தாயிடம் ஏறிப்போய்க் கூட்டினேன். எல்லா நிறத்தையும் சேர்த்தால் கூரியர்காரருக்குக் கொடுத்த பணத்தைவிட அதிகம் வருகிறது. கறுப்பும் வெள்ளையும் வாங்கிய ஆர்டரின் செலவு இரண்டு பக்கெட்டிலும் விழுகிறது. கூரியருக்கு நிறம் கிடையாதுங்க என்று சொல்லிப் பார்த்தேன். எடையை வைத்துப் பிரித்துப் போடும்மா என்கிறார். எடையை நாங்கள் ஆர்டருக்குத்தான் போட்டிருக்கிறோம், சரக்குக்குப் போடவில்லை.

இந்த மாதிரிப் பொதுச் செலவை உங்கள் ஆபீஸில் எப்படிப் பிரிப்பீர்கள்? சனிக்கிழமைக்குள் எழுது, திங்கட்கிழமை அவர் மறுபடி கேட்பார்.

அன்புடன்,
மல்லிகா