திருப்பாப்புலியூர் வெள்ளிக்கிழமைகள்

அன்பு மகளுக்கு,

சென்ற முறை விடுதியிலிருந்து வந்திருந்தபோது, சோற்றைப் பிசைந்தபடியே, "மஸ்கட்டில் இருந்த அஞ்சு வருஷத்துல என்னை ஒரு நாளாவது தேடுனியாம்மா?" என்று கேட்டாய். நான் ரசம் எடுக்கப் போவதுபோல அடுப்படிக்குப் போய்விட்டேன். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்ற பயத்தில் அன்று சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது உனக்கு ஐந்து வயது. உன் அப்பா இறந்த பிறகு, காடாம்புலியூர்ப் பக்கம் ஒரு முந்திரித் தோப்பைக் கடன் வாங்கிக் குத்தகைக்கு எடுத்திருந்தேன். பூக்க வேண்டிய மரங்களெல்லாம் ஒரே காலையில் வேரோடு சாய்ந்தன. ஒட்டுக்கன்று நட்டாலும் காய்ப்புக்கு வர மூன்று நான்கு வருடமாகும். வட்டி அதுவரை பொறுக்காது. முப்பது வயது நிறையாத பெண்களை வளைகுடா நாடுகளுக்கு வீட்டு வேலைக்கு அனுப்ப அரசு அனுமதிப்பதில்லை; எனக்கு 31 ஆகியிருந்தது. இரண்டு வயது குறைவாக இருந்திருந்தால் போயிருக்கவே முடியாதே என்று அங்கே எத்தனையோ இரவுகள் நினைத்திருக்கிறேன்.

பிள்ளை தூங்கும்போது கிளம்பிவிடு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். என்னைப் பெற்றவள், உன் ஆயா ஒருத்திதான், "சொல்லிட்டுப் போ, இல்லன்னா அதுக்குத் தூங்கவே பயம் வந்துடும்" என்று தடுத்து, உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு திருப்பாப்புலியூர்ப் பேருந்து நிலையம் வரைக்கும் வந்தாள். அன்று வெள்ளிக்கிழமை. அதன் பிறகு நடந்தது எதுவும் எனக்குத் தெரியாது. தொலைபேசியில் எப்போது கேட்டாலும், "பிள்ளை நல்லா இருக்குது, நீ உன் வேலையைப் பாரு" என்பதே அவள் பதில்.

ஆயாவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த பூக்காரம்மாள் சொல்லித்தான் உண்மை தெரிந்தது. வெள்ளிக்கிழமைதோறும் பாடலீஸ்வரர் கோயிலிலிருந்து திரும்பும்போது, சென்னைப் பேருந்து வரும் இடத்தில் உட்கார வேண்டுமென்று நீ அடம்பிடிப்பாயாம். ஏக்கக் காய்ச்சல் வந்து மந்திரித்துக் கயிறு கட்டிய வாரத்தில்கூட விடவில்லையாம். அவளும் உன்னோடு உட்கார்ந்து, அக்கா திலகவதியார் வளர்த்த அப்பர், கல்லோடு கட்டிக் கடலில் போட்டும் நம்மூர்க் கரையேறவிட்டகுப்பத்தில் கரையேறிய கதையைச் சொல்லி, "அவரே வந்துட்டாரு, விமானத்துல போனவ வராமலா போவா" என்பாளாம். ஒருபோதும் உன்னை அதட்டவில்லை. அம்மா இன்றைக்கு வரமாட்டாள் என்றும் சொல்லவில்லை. ஒன்றரை வருடம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை நீயே, "வேணாம் ஆயா, வீட்டுக்குப் போகலாம்" என்றாயாம். அன்றைக்குத்தான் ஆயா தெருவென்றும் பாராமல் அழுதாளாம்.

என்னிடம் ஏன் மறைத்தாள் என்று முதலில் கோபம் வந்தது. சொல்லியிருந்தாலும் நான் வந்திருக்க முடியாது. பாஸ்போர்ட் நான் வேலை பார்த்த வீட்டாரிடம் இருந்தது, பாதிக் கடன் பாக்கி இருந்தது. அது அவளுக்குத் தெரியும்.

அந்த வீட்டுப் பெண் குழந்தைக்கு உன் வயதுதான். காலை ஆறு மணிக்கு அவளுக்குத் தலை வாரும்போதெல்லாம், கடலூரில் ஏழரை, ஆயா உனக்கு இரட்டைப் பின்னல் போட்டு முடித்திருப்பாள் என்று நினைக்காமல் ஒரு நாளும் சீப்பை எடுத்ததில்லை. நீ கேட்டதற்கு இதைத் தவிர என்னிடம் வேறு பதில் இல்லை.

2014இல் விடுப்பில் வந்தபோது, ஆயா உன்னை என்னருகே படுக்கச் சொன்னாள். "இவங்க மறுபடியும் போயிடுவாங்க ஆயா" என்றாய். அம்மாவை நீ, வா, போ என்று பேசுகிற பிள்ளை, ஊரார் ஒருத்தியைச் சொல்வதுபோல 'இவங்க' என்றாய். நீ சொன்னபடியே நான் போனேன். அதற்காக என்மேல் உனக்குள்ள கோபம் நியாயமானது. அதை விட்டுவிடு என்று கேட்க இதை எழுதவில்லை.

ஆவணியில் ஆயாவுக்கு முதல் வருடத் திவசம் வருகிறது. இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிடு. அவளைப் பெற்ற தாயாக அறிந்தவள் நான். வளர்த்த தாயாக அறிந்தவள் நீ. படையல் இலையை நீதான் போட வேண்டும், நான் உன் பின்னால் நின்று கும்பிடுகிறேன்.

உன் அம்மா