கயலுக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள கயல்,

சாப்பிட்டாயா? உன் போன் வந்து ஐந்து வாரம் ஆகிறது. குறையாகச் சொல்லவில்லை, வேலை இருக்கும். அம்மாதான் சாயங்காலமானால் போனை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

பொங்கலுக்கு வந்தபோது நீ விட்டுப்போன நாசா அறிக்கையை அகராதியும் கையுமாகப் படித்து முடித்தேன். 2014-இல் வந்தது. இறக்கையை ஒட்டி ஓடும் காற்று அதைவிட்டுப் பிரிந்துபோகும் இடத்தில் இப்போதுள்ள டர்புலன்ஸ் மாடல்களை, அதாவது சுழல்களைத் தோராயமாகக் கணக்கில் சேர்க்கும் வழிகளை, நம்ப முடிவதில்லை என்கிறார்கள். மதகு ஷட்டருக்குக் கீழே சுழித்துக்கொண்டு போகும் தண்ணீரை முப்பத்தொரு வருஷம் பார்த்தவனுக்கு இதில் ஆச்சரியமில்லை. ஒரு சுழல் விடாமல் கணக்குப் போடுவதென்றால், ரெனால்ட்ஸ் எண் (வேகமும் அளவும் கூடினால் ஏறும், திரவம் கெட்டியானால் இறங்கும்) பத்து மடங்கு ஏறும்போது, கம்ப்யூட்டர் கணக்குப் போடவேண்டிய புள்ளிகள் சுமார் 178 மடங்கு ஏறும். பழைய கேசியோவில் நானே போட்டுப் பார்த்தேன். அப்பாவுக்குக் கை இன்னும் மறக்கவில்லை, பார்.

அதனால்தானே மாடல். 1877-இல் புஸ்ஸினெஸ்க் என்ற பிரெஞ்சுக்காரர், சுழல்களால் திரவமே கொஞ்சம் கெட்டியாகிவிட்டதாக வைத்துக்கொண்டார். இன்றைக்கும் உங்களில் பாதிப் பேர் அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். அதன்மேல் கட்டிய கே-எப்சிலான் மாடலில் 0.09 என்ற மாறாத எண் எங்கிருந்து வந்தது என்று திண்ணையில் கேட்டேன். "சுழல் இழுப்புக்கும் சுழல் ஆற்றலுக்கும் உள்ள விகிதம் அளந்ததில் 0.3 வந்ததுப்பா, அதோட வர்க்கம்" என்று சிரித்தாய். ஒழுங்காக ஒட்டி ஓடும் இடத்தில் கிடைத்த எண்ணைப் பிரிந்து சுழலும் இடத்துக்குக் கொண்டுபோனால் எப்படிப் பொருந்தும்? மெஷின் லேர்னிங்கும் அப்படித்தான், ஒரு மேட்டின்மேல் ஓடும் காற்றில் பழக்கினால் அடுத்த மேட்டில் தடுமாறுகிறது, சிலது தட்டையான தகட்டில்கூடத் தப்பாகச் சொல்கிறது என்று நீதான் சொன்னாய். என்னைக் கேட்டால் முதல் வேலை அளப்பது. பிரியும் இடத்தில், சுவரை ஒட்டி, பொறுமையாக அளப்பது. அப்புறம், பழக்காத வடிவத்தில் ஓட்டிப் பார்க்காத மாடலை வெளியே விடக் கூடாது. இதைச் சொல்ல நீங்க யாரு என்பாய். சரி.

ராத்திரி பட்டினி படுக்காதே.

தீபாவளியன்று உன் கட்டுரையைப் பற்றி, "மாடலோட எல்லாக் கோடும் அளந்ததோட பொருந்திடுச்சுப்பா" என்றாய். குரலில் சந்தோஷமே இல்லை. அந்தக் கட்டுரை என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. தம்பியிடமும் விசாரிக்கவில்லை, அவனாகத்தான் ஏதோ சொன்னான்.

1989-இல் ஒரு கிளை வாய்க்காலுக்கு எஸ்டிமேட் போட்டேன். வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் ஓடும் என்று கணக்கிடும் மேனிங் சூத்திரத்தில் மண் வாய்க்காலுக்குச் சொரசொரப்புக் குணகம் 0.025 என்று வைத்தால் வேண்டிய தண்ணீர் வரவில்லை. வாய்க்காலை அகலப்படுத்தினால் செலவு ஏறும், ஃபைல் திரும்பி வரும். 0.0225 என்று எழுதினேன். அதுவும் புத்தகத்தில் இருக்கிற எண்தான், சுத்தமாக வைத்திருக்கும் வாய்க்காலுக்கு. சொரசொரப்பு குறைந்ததால் தாளில் தண்ணீர் ஒன்பதில் ஒரு பங்கு கூடிவிட்டது. அந்த வாய்க்காலின் கோரையையும் வண்டலையும் நடந்து பார்த்தவன் நான். யாரும் என்னை அப்படி எழுதச் சொல்லவில்லை. மூன்று வருஷம் கடைமடைக்குத் தண்ணீர் ஏறவில்லை.

பெரியப்பா நம் வீட்டுப் படி ஏறாதது பாகம் பிரித்த சண்டையால் என்றுதானே உங்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். அவருடைய நாலு மா கடைமடையில் இருந்தது. அவர் ஒரு நாளும் வாய்விட்டுக் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. அம்மாவுக்கே தெரியாது.

உன்னை அதோடு சேர்த்துப் பேசவில்லை, கண்ணு. நீ அப்படிச் செய்கிறவள் இல்லை. செய்திருந்தாலும் திருத்தி எழுதலாம், உன்னுடையது இன்னும் வாய்க்காலாக வெட்டப்படவில்லை.

பருப்புப் பொடி பார்சலில் வருகிறது. பனியில் காதை மூடிக்கொண்டு போ. வேளைக்குச் சாப்பிடு. எந்த நேரமானாலும் கூப்பிடு. இந்தத் தடவை போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு எழுந்து போக மாட்டேன்.

அப்பா