மூட்டையோடு வரும் விருந்தாளி

கண்ணா,

நேற்று டோக்கியோவின் பழைய புத்தகக் கடைத்தெரு ஜிம்போச்சோவுக்குப் போயிருந்தேன், உன் பழைய புத்தகங்களை விலைக்கு எடுப்பார்களா என்று கேட்க. எடுக்கவில்லை, அதை விடு. ஒரு கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் பழைய பட அஞ்சலட்டை ஒன்று, கையால் வண்ணம் தீட்டிய கடற்கரை, பைன் மரங்கள், ஓரமெல்லாம் பழுத்துப்போய். எழுதியவர் ஒரிகுச்சி ஷினோபு என்று துண்டுச்சீட்டு வைத்திருந்தார்கள். நாட்டார் வழக்காற்று ஆய்வாளர், கவிஞரும்கூட; ஆய்வுக்கு அந்தப் பெயர், கவிதைக்கு ஷாகு சோகூ.

கடைக்காரர் திருப்பிக் காட்டினார். எழுத்து கொடியாக ஓடியது, என்னால் நாலு எழுத்துகூடப் படிக்க முடியவில்லை. முகவரிப் பக்கத்துக் கோடு சரிபாதியில் இருந்தால் 1918-க்குப் பிந்தியதாம், அதற்கு முன் எழுத மூன்றில் ஒரு பங்கு இடம்தான். மேலே அச்சடித்த 'ஹககி' (அஞ்சலட்டை) என்ற சொல்லில், நடு எழுத்தை 'தங்கம்' என்பதில் வரும் 'க' போல ஒலிக்க வைக்கும் இரண்டு புள்ளி இல்லை, ஆக 1933-க்கு முந்தியது. நமக்கு இருப்பதே ஒரு 'க'தான், புள்ளி இல்லாமலே சமாளிக்கிறோம் என்று சொல்ல வாயெடுத்தேன், ஜப்பானிய மொழியில் வரவில்லை.

ஒரிகுச்சி எழுதியதில் எனக்கு ஒட்டிக்கொண்டது மரேபிதோ. கடலுக்கு அப்பாலிருந்து காலம் தவறாமல் வந்து, ஊரை வாழ்த்திவிட்டுப் போகிற விருந்தாளித் தெய்வம். 1921-இலும் 1923-இலும் ஒகினாவாவுக்குப் போய்ப் பார்த்து வளர்த்த யோசனை. அப்பாவிடம் சொன்னேன். "நம்ம வீட்டு மரேபிதோ வருஷத்துக்குப் பத்து நாள், அழுக்குத்துணி மூட்டையோட வருது" என்றார்.

சிரித்தேன். அப்புறம் ஹகுயி ஊரில் பார்த்த அவருடைய கல்லறை ஞாபகம் வந்தது, நோதோ தீபகற்பத்துக்குப் போனபோது நீ காரைவிட்டு இறங்கவே மாட்டேன் என்றாயே, அந்த இடம். கல்யாணமே செய்யாத மனிதர், தன் மாணவர் ஹருமியை 1944-இல் தத்தெடுத்தார். அடுத்த வருஷமே இவோ ஜிமா தீவுப் போரில் அந்த மகன் இறந்துபோனார். கல்லில் மகன் பெயர்தான் முதலில், மிகக் கொடிய போரில் மிகவும் துன்பப்பட்டு இறந்த முன்னாள் லெப்டினன்ட் என்று. அதற்குப் பிறகுதான் 'அவன் தந்தை ஷினோபு'. 1953-இல் தான் போவதற்கு முன்பே அதை நிறுத்தி வைத்துவிட்டார். அன்றைக்கு நான் அந்த வரியை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டேன், அப்பாவுக்குக் கோபம், மழை வேறு.

அட்டையை வாங்கவில்லை. விலையைக் கேட்டதும் கடைக்காரரைவிட ஆழமாகக் குனிந்து வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வரும் வழியில் சாதாப் பட அட்டை ஒன்று வாங்கி உன் முகவரியும் எழுதிவிட்டேன், இவ்வளவும் சொல்ல அதில் இடம் போதவில்லை, அதனால்தான் இந்தக் காகிதம். டிக்கெட் போட்டதும் சொல்லு. மூட்டையோடே வா.

அம்மா