மச்சானுக்குத் தெரியாமல் வேண்டாம்

அன்பு நண்பா,

கடிதம் கிடைத்தது. மகள் பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் வாங்கியதில் ரொம்ப சந்தோஷம். மச்சான் விஷயம்தான் மனசை அரிக்கிறது. குடியை நிறுத்தும் மாத்திரையை அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் பொடித்துக் கலக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். தயவுசெய்து வேண்டாம்.

அந்த மாத்திரை உடம்பை என்ன செய்யும் என்பதை இங்கே ஒசாகாவில் மாத்திரை இல்லாமலே பார்க்கிறேன். ஆபீஸ் முடிந்ததும் சேர்ந்து குடிக்கப் போவது இங்கே வழக்கம். என் பக்கத்து சீட்டுக்காரருக்கு அரை கிளாஸ் பீர் உள்ளே போவதற்குள் காது, கழுத்தெல்லாம் சிவந்துவிடும். நெஞ்சு படபடக்கிறது என்று காலரைத் தளர்த்திவிட்டுச் சுவரில் சாய்ந்துவிடுவார். அலர்ஜி என்று சொல்லிக்கொள்கிறார்கள். உண்மையில் அது என்சைம் குறை. மது கல்லீரலில் முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சாக மாறும். அதை முறிக்கும் என்சைம் ஜப்பானியர், சீனர், கொரியர்களில் சுமார் 36 சதவீதம் பேருக்குப் பிறவியிலேயே சரியாக வேலை செய்யாது. சிலர் முகம் சிவக்காமல் இருக்க அசிடிட்டி மாத்திரை போட்டுக்கொண்டு வருகிறார்கள். சிவப்பு குறையும், நச்சு அப்படியே இருக்கும். இப்படிப்பட்டவர்கள் தொடர்ந்து குடித்தால் உணவுக்குழாய்ப் புற்றுநோய் வரும் ஆபத்து பல மடங்கு. பார்க்கவே வயிறு கலங்குகிறது.

நீ எழுதிய அந்தக் குடி நிறுத்தும் மாத்திரை, டைசல்ஃபிரம், இதே என்சைமைத்தான் முடக்குகிறது. 1940களில் டென்மார்க்கில் இரண்டு ஆய்வாளர்கள் குடற்புழு மருந்தாகுமா என்று பார்க்க அதைத் தாங்களே விழுங்கினார்கள். அப்புறம் மது குடித்தபோது உடம்புக்கு முடியாமல் போனது. இதன் குணம் அப்படித்தான் தெரியவந்தது. என்ன விழுங்கினோம் என்பதாவது அவர்களுக்குத் தெரியும். மச்சான் ஒன்றும் தெரியாமல் வழக்கம்போல் குவார்ட்டர் அடித்தால் வாந்தி, மூச்சுத்திணறல் வரும், ரத்த அழுத்தம் கிடுகிடுவென இறங்கும். அவருக்கு ஏற்கெனவே இதயக் கோளாறு வேறு, உயிருக்கே ஆபத்து. மருந்தை நிறுத்தினாலும் 2 வாரம் வரை வேகம் இருக்கும். ஆல்கஹால் கலந்த இருமல் டானிக்கூட ஆகாது.

அவரே சம்மதித்து, இதயமும் கல்லீரலும் பரிசோதித்து, தகுந்தவர் என்று டாக்டர் கொடுத்தால் அது நல்ல துணை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போ. தினமும் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், அதையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

ஞாயிறு காலை போன் செய்கிறேன். மச்சானையும் வீட்டுக்கு வரச் சொல், நானே பேசுகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்