நியூரோபீட்பேக்குக்கு முன் ஒரு காது பரிசோதனை

ஆசிரியர் அவர்களுக்கு,

அட்டன் பகுதித் தோட்டமொன்றின் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்பவன் நான். உயர்தரம் படிக்கும் என் மகளுக்கு இரண்டு வருடமாக மனப்பதற்றமும் சத்தக் கூச்சமும் இருக்கின்றன. திருவிழா ஒலிபெருக்கி ஒருபுறமிருக்க, அடுத்த காம்பராவில் தேங்காய் துருவினாலே காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, குளிரையும் பாராமல் வெளித் திண்ணையான இஸ்தோப்பில் போய் உட்கார்ந்துவிடுவாள்.

கொழும்பில் நியூரோபீட்பேக் செய்வித்தால் சரியாகும் என்று உறவினர் ஒருவர் சொன்னார். தலையில் பசை தடவி உணரிகளை ஒட்டி மூளையின் மின்னலைகளை அளப்பார்களாம். வேண்டிய அலை எழும்போது திரையில் ஓடும் படம் தெளியும், இல்லாவிட்டால் மங்கும். அந்தப் பழக்கத்தில் மூளை தானாக அடங்கக் கற்றுக்கொள்ளும் என்பது கருத்து. மின்சாரம் எதுவும் தலைக்குள் போவதில்லை என்று தெரிந்த பிறகுதான் என் மனைவி பேசவே தொடங்கினார். ஆனால் தொலைபேசியில் விசாரித்தபோது, முப்பது அமர்வுகள், வாரம் இரண்டு என்றார்கள். கொழுந்தெடுக்கும் என் மனைவிக்கு அது வாரத்துக்கு இரண்டு பேர், அதாவது இரண்டு நாள் சம்பளம், இழப்பு. காதைச் சோதிக்க வேண்டாமா என்று கேட்டதற்கு உருப்படியான பதில் வரவில்லை.

தூக்கமின்மை உள்ளவர்களிடம் இந்த நியூரோபீட்பேக்கைச் சோதித்து 2017இல் வெளியான ஓர் ஆய்வில், உண்மைப் பயிற்சி பெற்றவர்களைப் போலவே போலிப் பயிற்சி பெற்றவர்களும் தாங்கள் தேறியதாகவே சொன்னார்கள். கடன் வாங்கிச் செலவழிக்குமுன் பெற்றோர் இதை அறிந்திருப்பது நல்லது.

நாங்கள் முதலில் அரசாங்க வைத்தியசாலையின் காது கிளினிக்குக்குப் போனோம். கேட்கும் திறனில் குறையில்லை. பஞ்சைப் பார்த்த வைத்தியர்தான் சற்றுக் கடிந்துகொண்டார்: எந்நேரமும் காதை அடைத்து வைத்தால் சிறு ஓசைக்கும் கூச்சம் கூடுமாம். மெல்லிய ஒலிகளைச் சிறிது சிறிதாகப் பழக்கவும், பதற்றத்துக்கு அறிகை நடத்தைச் சிகிச்சை, அதாவது பயமூட்டும் எண்ணங்களையும் பழக்கங்களையும் பேசி மாற்றும் சிகிச்சை, பெறவும் சொன்னார். இப்போது இரவில் வானொலியைத் தணித்து வைத்துவிட்டுப் படுக்கிறாள்; பஞ்சு பாதியாகக் குறைந்திருக்கிறது.

அந்தச் சிகிச்சையைத் தமிழில் தர ஆள் தேடித்தான் இன்னும் அலைகிறோம். தன் பயத்தை மொழிபெயர்ப்பாளர் வழியாக எந்தப் பிள்ளை சொல்லும்? மலையகத்தின் ஆதார வைத்தியசாலைகளில் வாரத்துக்கு ஒரு நாளாவது தமிழ் பேசும் உளவியலாளர் ஒருவர் இருக்கச் சுகாதார அதிகாரிகள் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தந்தை,
அட்டன்.