வீட்டு பீர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், வராதவர்களுக்கும் வணக்கம். வராதவர்கள் வாட்ஸ்அப்பில் படித்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கையில் சற்று விரிவாகவே எழுதியிருக்கிறேன்.

மே மாதம் புதியவர்களுக்குப் பயிற்சி நடந்தது. ஆகஸ்டில் லண்டன் ஹாரோவில் தோட்டச் சந்திப்பு, மழை. நவம்பரில் சுவைப் போட்டி. முதல் பரிசு தலைவருக்கு. பொங்கல் ஒன்றுகூடல் நன்றாக நடந்தது. மாதக் கூட்டங்கள் பன்னிரண்டில் ஒன்பது நடந்தன. மீதி மூன்றுக்குத் தலைவர், பொருளாளர், நான் என மூவர் மட்டுமே வந்ததால், அவற்றைக் கூட்டம் என்று பதிவேட்டில் எழுத மனம் வரவில்லை.

இனி ‘கோடு போடும் திட்டம்’, அதாவது வீட்டில் காய்ச்சிய பீரில் எவ்வளவு குடிக்கிறோம் என்று கோடு போட்டு எண்ணுவது. இதை என் சொந்த விளம்பரம் என்று சிலர் சொன்னதாகக் காதில் விழுந்தது. சென்ற பொதுக்குழுவில் ஓர் உறுப்பினரின் துணைவியார், “வீட்லயே பீர் குழாய் வெச்சுட்டீங்களே, இப்ப ஜாஸ்தியா குடிக்கிறீங்களா, கம்மியாவா?” என்று கேட்டது நினைவிருக்கும். ஆளுக்கொரு பதில் சொன்னோம். ஒருவரிடமும் கணக்கு இல்லை. அதற்காகத்தான் இந்தத் திட்டம்.

பாட்டில் காலத்தில் கணக்கு தானாக நடந்தது. காலையில் சிங்க் பக்கத்தில் நிற்கும் காலி பாட்டில்களை வீட்டில் எல்லோரும் எண்ணிவிடுவார்கள். கெக் அப்படியல்ல. 19 லிட்டர் பிடிக்கும் எவர்சில்வர் பாத்திரம். உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று வெளியே தெரியாது. குழாயிலிருந்து திடீரெனக் காற்றும் நுரையும் சீறும்போதுதான், “அதுக்குள்ளயா?” என்று கேட்போம். அந்த 19 லிட்டர் என்பது 33 பைன்ட் (ஒரு பைன்ட் 568 மில்லி). 4 சதவீத பீர் என்றால் ஒரு பைன்ட் 2.3 யூனிட் (ஒரு யூனிட் என்பது 10 மில்லி சுத்த ஆல்கஹால்), ஒரு கெக் சுமார் 76 யூனிட். வாரத்துக்கு 14 யூனிட்டுக்கு மேல் வேண்டாம் என்று பிரிட்டனின் தலைமை மருத்துவ அதிகாரிகள் 2016இல் சொன்னார்கள். ஆக ஒரு கெக் ஒருவருக்கு ஐந்து வாரங்களுக்கு மேல் வர வேண்டும். வருகிறதா?

திட்டம் எளிது. ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள், நூலில் கட்டிய பென்சில். அரை பைன்ட்டுக்கு ஒரு கோடு. ஞாயிறுதோறும் கெக்கைத் தராசில் நிறுத்தி எடையும் குறிக்க வேண்டும்; 1 லிட்டர் பீர் ஏறக்குறைய 1 கிலோ, பெரிய கணக்கு ஒன்றுமில்லை. பதினோரு பேர் கைதூக்கினார்கள். தாள் அனுப்பியவர்கள் நான்கு பேர். அதில் ஒன்றில் மூன்று வாரக் கோடுகளும் ஒரே சாய்வில், ஒரே அழுத்தத்தில், கோடை விடுமுறை வீட்டுப்பாடத்தைக் கடைசி நாளில் முடித்தது போல இருந்தன. பெயர் சொல்லவில்லை.

நேர்மைக்காக என் தாளையும் சொல்லிவிடுகிறேன். மூன்று வாரத்தில் 24 கோடு, அதாவது 6.8 லிட்டர். தராசு குறைந்ததாகக் காட்டியது 8.5 கிலோ. நுரைக்கும் குழாய் கழுவியதற்கும் அரை லிட்டர் தள்ளினாலும் நான்கு அரை பைன்ட் இடிக்கிறது. விருந்தாளிகள் என்றேன். “எந்த விருந்தாளி?” என்று வீட்டில் கேட்டார்கள். பிறகு யோசித்தால், சமைக்கும்போது ‘சும்மா ருசி பார்க்க’ என்று பிடித்ததற்கெல்லாம் நான் கோடே போடவில்லை.

நான்கு தாளை வைத்துப் பெரிதாக எதுவும் முடிவுகட்ட முடியாது. ஆனாலும் நால்வரிடமும் ஒன்று பொதுவாகத் தெரிகிறது: ஒரே உட்காரலில் குடிப்பது குறைந்திருக்கிறது, குடிக்கும் நாட்கள் கூடியிருக்கின்றன. பாட்டிலைத் திறந்தால் அரை லிட்டரை முடித்தாக வேண்டும். குழாயில் கால் கிளாஸ் பிடித்து நிறுத்தலாம். அதனால்தான் செவ்வாய், புதன் என்று பாராமல் கை போகிறது. கெக் டிவிக்குப் பக்கத்தில் இருப்பவரின் தாளில் ஒரு நாள்கூடக் காலி இல்லை. தோட்டக் கொட்டகையில் வைத்திருப்பவருக்கு ஜனவரி முழுக்க மூன்றே கோடு. அந்தக் குளிரில் செருப்பு மாட்டிக்கொண்டு யார் போவார்?

இன்னொன்று, நாம் வாய்விட்டுச் சொல்லாதது. நமக்குக் குடிப்பதைவிடக் காய்ச்சுவதில்தான் ஆசை. (ஊரில் அம்மாவிடம் “பீர் காய்ச்சுறோம்” என்று சொல்லி, சாராயம் என்று நினைத்து அவர் அழுத கதை இங்கே பலருக்கும் உண்டு.) அடுத்ததை ஊற்றக் கெக் காலியாக வேண்டும், காலியாக்க ஒரே வழிதான் நமக்குத் தெரிகிறது. இதற்காக நான் 10 லிட்டர் அளவில் காய்ச்சத் தொடங்கியிருக்கிறேன். 6.3 சதவீதத்தையும் விட்டுவிட்டேன். அதில் நாலு பைன்ட்டிலேயே வாரக் கணக்கு தாண்டிவிடும். இப்போது 3.7. மால்ட் (முளைகட்டிக் காயவைத்த பார்லி) கொஞ்சம் குறையும், ருசி குறையாது. இரண்டாவது குழாயில் வெறும் தண்ணீருக்குக் கார்பன் டை ஆக்சைடு ஏற்றி சோடா வைத்தேன். இந்த வகைக் கெக் முதலில் குளிர்பானத்துக்காக வந்ததுதானே, அதற்கும் பழக்கம். கை ஒரு குழாயைத் தேடிப் போகிறதே தவிர, பாதி நேரம் அதற்கு பீர்தான் வேண்டும் என்றில்லை என்பதை இந்தச் சோடாவில்தான் கண்டுகொண்டேன். எலுமிச்சையும் உப்பும் போட்டால் பிள்ளைகளும் வரிசையில் நிற்கிறார்கள்.

கணக்கு: வரவும் செலவும் ஏறக்குறைய சமம். அறை வாடகை, கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் நிரப்பியது, கழுவும் மருந்து, இதர செலவு போக ஒரு சிறு தொகை கையிருப்பு, விவரம் பொருளாளரிடம். வீட்டில் காய்ச்ச லைசென்ஸ் வேண்டாம் என்று 1963 பட்ஜெட்டில் விட்டுவிட்டார்கள், விற்க விடவில்லை. அதனால் வட்டத்துக்குச் சந்தா ஒன்றுதான் வருமானம். ஆண்டுக்கு 20 பவுண்டு. பத்தொன்பது பேரில் பதினோரு பேர் கட்டியிருக்கிறார்கள். கட்டாத எட்டுப் பேரில் இருவரிடம் வட்டத்தின் சிலிண்டர் இருக்கிறது, ஒருவரிடம் ஹைட்ரோமீட்டர் (அடர்த்தி அளக்கும் கண்ணாடிக் கருவி) இருந்தது. உடைந்துவிட்டதாகக் கேள்வி.

அறை தந்தவர்களுக்கும், தலைவருக்கும், பொருளாளருக்கும், பொங்கல் வைத்த குடும்பங்களுக்கும் நன்றி. தாள் அனுப்பிய நால்வருக்கும் தனி நன்றி. அந்த ஒரே சாய்வுக் கோட்டுக்காரருக்கும் சேர்த்துத்தான். அவராவது அனுப்பினார்.

அடுத்த ஆண்டு இந்தத் திட்டத்தைச் செப்டம்பரிலிருந்து மறுபடி நடத்தலாம் என்றிருக்கிறேன். ஆறு தாளாவது வந்தால் செய்யலாம். வராவிட்டால் வேறு செயலாளர் வேறு திட்டம் பார்க்கட்டும், எனக்கு வருத்தமில்லை. நான்காவது ஆண்டு முடிகிறது, 23 கிலோ கெக்கை வாராவாரம் தூக்கி இடுப்பும் பிடித்துக்கொண்டிருக்கிறது. புதுத் தாள்கள் வாசல் மேசையில் இருக்கின்றன. போகும்போது ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளுங்கள். சந்தா ரசீதுப் புத்தகமும் அங்கேயே இருக்கிறது.

செயலாளர்