மொட்டை மாடி டக்ட்டும் உப்புக்காற்றும்

ஆசிரியருக்கு வணக்கம்.

கீழக்கரை, மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் இப்போது கட்டுகிற லாட்ஜ், கல்யாண மண்டபங்களில் மொட்டை மாடியில் பெரிய ஏசி யூனிட்டை வைத்து, டக்ட் என்கிற தகரக் காற்றுக் குழாய் வழியாகக் குளிர்காற்றைக் கீழே இறக்குகிறார்கள். சரி, ஆனால் மதுரையில் போடுகிற மாதிரியே இங்கேயும் போட்டால் எப்படி? உப்புக்காற்று முதலில் பிடிப்பது தகடு வெட்டிய ஓரத்தையும் ஸ்க்ரூ துளையையும்தான், அங்கேதான் துத்தநாகப் பூச்சு போய் இரும்பு வெளியே தெரிகிறது. எங்கள் தெரு மண்டபத்து மாடியில் இணைப்புக்கு இணைப்பு துரு ஒழுகி, தளமே செங்கல் நிறமாகக் கிடக்கிறது.

வெளியே ஓடும் டக்ட்டுக்கு அலுமினியத் தகடு போடுங்கள். செலவு கூடத்தான். மேலே மழைத்தண்ணீர் தேங்காதபடி லேசான சரிவு வேண்டும், ஐப்பசி கார்த்திகைக் காற்றுக்குத் தாங்கும்படி டக்ட்டின் கால்களைத் தளத்தோடு இறுக்க வேண்டும். டக்ட்டின் மேல் சுற்றும் இன்சுலேஷன் (குளிர் வெளியே போகாமல் தடுப்பது) மேலுறையில் சின்னக் கிழிசல் இருந்தாலும் கடலோர ஈரக்காற்று உள்ளே புகுந்து, குளிர்ந்த தகட்டில் வேர்த்து, சீலிங்கில் சொட்டும். அப்புறம் பெயின்டர்மேல் பழி.

இன்சுலேஷன் சுற்றும் முன்பே ஃபேனை ஓட்டச் சொல்லி, ஒவ்வொரு இணைப்பிலும் கை வைத்துப் பாருங்கள், காற்று கசிந்தால் இடுக்கை அடைக்கும் சீலன்ட் பசை அடிக்காமல் பில் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

ஒரு வாசகர்,
கீழக்கரை